பிரேசிலுக்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: நான் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 66, மனைவிக்கு 61. பண்ருட்டியில் வசிக்கிறோம். மகள் மூன்று ஆண்டுகளாக சாவோ பாவ்லோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். டிசம்பரில் வாருங்கள் என்கிறாள். இங்கே வெயில் தாங்கவில்லை, ஏப்ரல், மே மாதத்தில் போய்விடலாம் என்கிறாள் மனைவி. இணையத்தில் தேடினால் ஒருவர் ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்லது என்கிறார், இன்னொருவர் டிசம்பர் முதல் மார்ச் வரை என்கிறார். எங்களால் 18 நாள் ஒதுக்க முடியும். அமேசான் காடு, இகுவாசு அருவி, ரியோவில் இயேசு சிலை, அப்புறம் செல்போனில் அடிக்கடி வருமே, வெள்ளை மணல்மேடுகளுக்கு நடுவில் நீல ஏரிகள், அந்த இடம். இந்த நான்கும் பார்க்க ஆசை. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, வெயில் ஆகாது. இருவரும் சைவம். எந்த மாதம் போகலாம்? ஒரே வரியில் சொன்னால் போதும்.

பதில்: ஒரே வரியில் சொல்கிறேன் ஐயா. ஜூன் 10 வாக்கில் அங்கே இறங்கி, ஜூன் முடிவதற்குள் திரும்புங்கள்.

ஆனால் வீட்டில் ஆளுக்கொரு மாதம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, என் ஒரு வரியைக் கொண்டுபோய் வைத்தால் பஞ்சாயத்து தீராது. அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

இணையத்தில் நீங்கள் படித்த இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் போன ஊரைச் சொல்லியிருக்கிறார்கள். பிரேசில் இந்தியாவைப் போல இரண்டரை மடங்கு பெரிய நாடு. வடக்கே மக்காபா என்ற நகரத்தின் வழியாக நிலநடுக்கோடு போகிறது. உங்கள் மகள் இருக்கும் சாவோ பாவ்லோவைத் தொட்டுக்கொண்டு மகரரேகை போகிறது. அதற்கும் தெற்கே போனால் குளிர்காலத்தில் (அங்கே அது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை) உறைபனி விழும் மலையூர்கள் இருக்கின்றன. இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே 'சீசன்' எப்படி இருக்கும்? ஆனியில் கேரளம் நனையும்போது பண்ருட்டி காய்கிறது. ஐப்பசியில் நாம் குடை பிடிக்கும்போது டெல்லியில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. அங்கேயும் அதே கதைதான். ஜூனில் ரியோவில் மழை குறைவு, தலைநகர் பிரசிலியாவில் பொட்டு மழை இருக்காது. அதே ஜூனில் வடகிழக்குக் கடற்கரை நகரங்களான சால்வடோரிலும் ரெசிஃபியிலும் கொட்டும். 'குளிர்காலம்தான் பிரேசிலுக்கு நல்லது' என்ற பொது ஆலோசனையை நம்பி ஜூனில் சால்வடோர் கடற்கரைக்கு டிக்கெட் போட்டு, ஹோட்டல் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு குடும்பம்.

உங்கள் பட்டியலில் நான்கில் மூன்று தண்ணீர் சம்பந்தப்பட்டது: ஆறு, ஏரி, அருவி. பிரேசிலுக்குப் பயணம் போட உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்தத் தண்ணீரை, எந்த மட்டத்தில் பார்க்க வேண்டும்? அது தெரிந்தால் மாதம் தானாக வந்துவிடும்.

முதலில் அமேசான். நாம் போகப்போவது மனாவுஸ் நகரம், அமேசானில் சேரும் ரியோ நெக்ரோ என்ற ஆற்றின் கரை. அங்கே மழைக்காலம் டிசம்பரில் தொடங்கி மே வரை. மார்ச், ஏப்ரலில் உச்சம். ஆனால் ஆறு உச்சத்துக்கு வருவது ஜூனில். ஏன் இந்தத் தாமதம் என்று தமிழ்நாட்டுக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லாமல் ஆடிப்பெருக்கில் காவிரி பொங்கவில்லையா? குடகில் பெய்தது அது. மனாவுஸுக்குக் குடகு எங்கே என்றால், ஆண்டிஸ் மலை வரைக்கும் நீண்டு கிடக்கிற பிரம்மாண்டமான ஆற்றுப்படுகை. அங்கங்கே பெய்த தண்ணீர் வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது.

மனாவுஸ் துறைமுகத்தில் ஒரு சுவர் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்று வருடம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். 1902 முதல் அங்கே ஆற்றின் மட்டத்தை அளந்து வருகிறார்கள். 2021 ஜூனில் 30.02 மீட்டர், அதுதான் இதுவரை உச்சம். 2023 அக்டோபரில் 13 மீட்டருக்கும் கீழே போனது. 2024-ல் அதையும் விடக் கீழே. சாதாரண ஆண்டிலேயே உச்சத்துக்கும் அடிக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவருக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான், ஜூனில் பார்க்கிற அமேசானும் அக்டோபரில் பார்க்கிற அமேசானும் வேறு வேறு ஊர் என்பது புரியும்.

ஜூனில் ஆறு காட்டுக்குள் ஏறியிருக்கும். இகபோ என்று அந்த மூழ்கிய காட்டுக்குப் பெயர். படகோட்டி மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பைப் போடுவார். மரங்களின் அடிப்பாகம் தண்ணீருக்குள், நீங்கள் போவது கிளைகளுக்கு நடுவே. தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருக்கும். கரையில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய குரங்கும் தேவாங்கு மாதிரி மெதுவாக நகரும் ஸ்லாத்தும் கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். நெக்ரோவின் தண்ணீர் நல்ல டிகாஷன் நிறம். இலை மக்கி அமிலம் கலந்த நீர் என்பதால் கொசு அதிகம் வளராது. அமேசான் என்றதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி கொசுதானே. டிகாஷன் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனாவுஸுக்குக் கொஞ்சம் கீழே பால் காபி நிறத்தில் வரும் சொலிமோயிஸ் ஆறு நெக்ரோவுடன் சேர்கிறது. சுமார் ஆறு கிலோமீட்டர் இரண்டும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. வேகமும் வெப்பமும் அடர்த்தியும் வேறு வேறு என்பதால் அப்படி. படகிலிருந்து கையை விட்டால் ஒரு ஆறு வெதுவெதுப்பு, அடுத்தது குளிர்ச்சி.

இப்போது அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். ஜூனில் படகு நேராகத் தங்கும் விடுதியின் படி வரைக்கும் வந்து நிற்கும். ஒரு கால் படகில், ஒரு கால் படியில், அவ்வளவுதான். அக்டோபரில் அதே படகு கிணற்றுக்குள் நிற்பது போல எங்கோ கீழே நிற்கும். நடுவில் சேற்றுக் கரை, அதன்மேல் போட்ட பலகை, அப்புறம் மரப்படிகள். நான் ஒரு அக்டோபரில் அழைத்துப்போன குழுவில் ஒரு பெரியவர் படிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். எழுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு மூத்தவர்களுக்கு நான் அக்டோபர் மனாவுஸ் போடுவதில்லை. தண்ணீர் இறங்கிய காலத்துக்கும் அழகு உண்டு. ஆற்றங்கரையில் வெள்ளை மணல் தெரியும், வற்றிய குட்டைகளில் மீனும் அதைத் தின்னப் பறவையும் கூடும். ஆனால் அது வாலிபக் காலுக்கான அழகு. தவிர, வறட்சி முற்றிய வருடமாக அமைந்துவிட்டால் படகே போகாது. 2023-ல் அமேசான் பகுதியிலேயே இருக்கும் தெஃபே ஏரியில் தண்ணீர் வற்றிக் கொதித்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்து மிதந்தன.

அடுத்தது நீங்கள் செல்போனில் பார்த்த இடம். பெயர் லென்சோயிஸ் மரன்யென்சிஸ், வடகிழக்கில் மரன்யாவு மாநிலத்தில் இருக்கிறது. லென்சோயிஸ் என்றால் படுக்கை விரிப்புகள். மேலே இருந்து பார்த்தால் வெள்ளைத் துணியை உதறிப் போட்ட மாதிரிதான் இருக்கும். 2024-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாலைவனம் என்று எழுதுகிறார்கள், அது தப்பு. பாலைவனத்தில் இவ்வளவு மழை பெய்யாது. ஜனவரி முதல் ஜூன் வரை பெய்கிற மழை மணல்மேடுகளுக்கு இடையில் தேங்கி, நிலத்தடி நீரும் ஏறி, பள்ளமெல்லாம் ஏரியாகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நிறைந்து நிற்கும், செப்டம்பரில் தாக்குப்பிடிக்கும். அதன் பிறகு நம் ஊர்க் குட்டை சித்திரையில் வற்றுவது போல வற்றிவிடும். அந்த ஏரிகளுக்கு வரத்துக்கால் எதுவும் இல்லை. வானத்தை விட்டால் வேறு கதியில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, அடிபட்டுச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் பதினோரு பேரை நவம்பரில் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளூர் ஏஜென்ட் அனுப்பிய படங்களில் ஏரி நீலமாக ததும்பியது. எந்த மாதம் எடுத்த படம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான்கு சக்கர வண்டியின் மரப்பெஞ்சில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போய், மணல்மேடு ஏறி, அந்தப் பக்கம் பார்த்தால் காய்ந்த பள்ளம். நடுவில் கணுக்கால் அளவு பச்சைத் தண்ணீர். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிக்கொண்டே, 'தம்பி, மெரினாவுக்கு டவுன் பஸ்ஸே போதுமே' என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன்.

லென்சோயிஸில் எந்த ஊரில் தங்குவது என்பதும் முக்கியம். எல்லோரும் பாஹெய்ரின்யாஸில் தங்குவார்கள். அங்கிருந்து போகும் பெரிய ஏரிக்குச் செங்குத்தான மணல்மேடு ஏற வேண்டும். நீங்கள் சாந்து அமாரோவில் தங்குங்கள். வண்டி ஏரிகளுக்குக் கிட்டத்தில் போகும், நடை குறைவு. மாலை நாலு மணிக்கு மேல் போகிற மாதிரி கேளுங்கள். வெயிலும் தாழ்ந்திருக்கும், மேட்டுக்கு மேடு நிழல் விழுவதும் அப்போதுதான். பாஹெய்ரின்யாஸிலிருந்து சின்ன விமானத்தில் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள். அம்மாவுக்கு மணலில் இறங்க முடியாது என்று தோன்றினால் அந்தப் பணத்தைச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

இகுவாசுவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். குவாரானி மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள் பெருநீர், பெயருக்கு ஏற்றபடி எந்த மாதம் போனாலும் ஏமாற்றாது. பல பிரிவுகளாக விழும் 275 அருவிகள். அங்கத்திய கோடையில், அதாவது டிசம்பர் முதல் மார்ச் வரை, தண்ணீர் பொதுவாக அதிகம், கூட்டமும் புழுக்கமும் அதைவிட அதிகம். ஜூனில் காலை வெளியே போகும்போது பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கலாம். சாரல் வேறு தெறிக்கும், ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் கோட்டும் கையில் இருக்கட்டும். பிரேசில் பக்கத்து நடைபாதை ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், முடிவில் லிஃப்ட் இருக்கிறது. அர்ஜென்டினா பக்கத்துக்கு விசா விதி வேறு. முழங்காலையும் நினைத்துப் பார்த்தால் விட்டுவிடலாம்.

ரியோவில் ஜூன் பகல் நம் ஊர் மார்கழி மாதிரி, 25 டிகிரி அளவில். இயேசு சிலை நிற்கும் கோர்கோவாடோ மலை 710 மீட்டர் உயரம். கோடை மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொண்டால் சிலையின் காலடியில் நின்றுகொண்டே சிலையைத் தேட வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் பெரும்பாலும் தெளிவு. தெற்கிலிருந்து குளிர்காற்று வந்தால் மட்டும் இரண்டு நாள் தூறும். அதனால் ரியோவில் நான்கு இரவு வைத்துக்கொண்டு, மலைக்கு எந்த நாள் என்பதை வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இன்னொன்று, ஜூனில் சூரியன் ஐந்தேகால் மணிக்கெல்லாம் மறைந்துவிடும். மதியத் தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றால் இருட்டில்தான் போவீர்கள்.

மலைக்குப் போகும் வழியில் திஜுக்கா காடு. அதில் உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்பீர்கள்: பலாமரம். போர்த்துகீசியர் நம் பக்கத்திலிருந்து கொண்டுபோனது அங்கே காடு முழுக்கப் பரவி, சொந்த மரங்களை நெருக்குகிறது என்று பூங்காக்காரர்கள் அதை ஒழிக்கப் பாடுபடுகிறார்கள். பண்ருட்டிக்காரர் கண்ணால் பார்த்து வருத்தப்பட வேண்டிய காட்சி.

டிசம்பருக்கு வருகிறேன். மகளைப் பார்ப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் டிசம்பர் போங்கள், யார் தடுப்பது? ரியோவின் கோபகபானா கடற்கரையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புத்தாண்டு பார்க்கலாம். ஆனால் உங்கள் நான்கில் ஏரி வற்றியிருக்கும், நெக்ரோ அப்போதுதான் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும், ரியோவில் அடிக்கடி மாலையில் இடி மழை. விமானக் கட்டணமும் ஆண்டிலேயே உச்சத்தில். பிரேசில் தொழிலாளர் சட்டப்படி ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுமுறை உண்டு. மகள் அங்கத்திய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்தால் ஜூனில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஜூலையில் அங்கே பள்ளி விடுமுறை. பிள்ளை குட்டி உள்ள சக ஊழியர்கள் அதற்குத்தான் போட்டி போடுவார்கள், ஜூனுக்கு அவ்வளவு இராது. உங்களையும் ஜூன் மாதத்துக்குள் திரும்பச் சொன்னதற்கு அந்த ஜூலைக் கூட்டம் ஒரு காரணம்.

அம்மா சொன்ன ஏப்ரல், மே ரியோவுக்கும் சாவோ பாவ்லோவுக்கும் அருமையான மாதங்கள். ஆனால் வடக்கே மனாவுஸிலும் லென்சோயிஸிலும் மழை ஓய்ந்திருக்காது. பண்ருட்டி வெயிலுக்குத் தப்பிப் போய் மழையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

வழியை இப்படிப் போடுங்கள். சாவோ பாவ்லோவில் மகள் வீட்டில் மூன்று இரவு; இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, துபாய் வழியாகப் போனால் அங்கிருந்தே பதினைந்து மணி நேரம் உட்கார வேண்டும், எட்டரை மணி நேர வித்தியாசம் வேறு, உடம்பு சமாளிக்கட்டும். அந்த வீடுகளில் பெரும்பாலும் ஹீட்டர் இருக்காது, ஜூனில் தரை சில்லிடும், சாக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து இகுவாசு இரண்டு இரவு, ரியோ நான்கு. அப்புறம் வடக்கே ஏறி மரன்யாவு மாநிலத் தலைநகர் சாவோ லூயிஸும் லென்சோயிஸும் ஐந்து இரவு, கடைசியாக மனாவுஸ் நான்கு. மொத்தம் பதினெட்டு இரவு, இந்தியாவிலிருந்து போய் வரும் நாட்கள் இதில் சேராது. வடக்கைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், ஜூன் கடைசிக்கு ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அங்கே மழை குறையும், தண்ணீர் குறையாது. சாவோ லூயிஸிலிருந்து மனாவுஸுக்கு நேரடி விமானத்தை நம்பாதீர்கள், ஒரு முழு நாளை அதற்கு எழுதி வைத்துவிடுங்கள்.

சாவோ லூயிஸில் ஜூன் 23, 24 தேதிகளில் இரவு தங்குகிற மாதிரி அமைந்தால் அதிர்ஷ்டம். புனித யோவான் திருவிழா. தெருவில் பும்பா மேவ் போய் என்று ஒரு ஆட்டம். செத்துப் பிழைத்த காளையின் கதை. வெல்வெட்டும் மணியும் தைத்த காளைக் கூட்டுக்குள் ஆள் புகுந்து ஆடுவார், நம் பொய்க்கால் குதிரை மாதிரி. இதையும் 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். சோள அறுவடைக் காலமும் அதுதான். பமோன்யா என்று பச்சைச் சோளத்தை அரைத்து, சோள மட்டையில் கட்டி வேகவைத்து விற்பார்கள், கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இனிப்பாகக் கேளுங்கள், காரமானதில் சில சமயம் இறைச்சி வைப்பார்கள். பொதுவாகச் சாப்பாட்டுக்கு 'கிலோ' ஹோட்டல்களுக்குப் போங்கள். தட்டில் வேண்டியதை எடுத்து, தராசில் வைத்து, எடைக்குப் பணம். சோறு, காய்கறி, மரவள்ளி எல்லாம் இருக்கும். பீன்ஸ் குழம்பு மட்டும் எச்சரிக்கை. பார்க்கச் சைவம்போல் இருக்கும், பன்றிக் கொழுப்பு போட்டுத் தாளித்திருப்பார்கள்.

2027-ல் போவதாக இருந்தால் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை பிரேசிலில் நடக்கிறது. மேலே சொன்ன வரிசையில் அதற்குள் ரியோவை முடித்திருப்பீர்கள். சாவோ லூயிஸிலும் மனாவுஸிலும் போட்டி இல்லை.

எல்லாவற்றுக்கும் முன்பு செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசில் போய்த் திரும்புகிறவர் சான்றிதழ் காட்டாவிட்டால் இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் நேராக அங்கே போகாதீர்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. அறுபது தாண்டியவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், பக்கவிளைவு வாய்ப்பு கூடுதல். நீங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். உங்கள் குடும்ப டாக்டரிடம் மருந்துச் சீட்டுகளோடு போய்ப் பேசுங்கள். ஊசி கூடாது என்று அவர் சொன்னால், மனாவுஸ் போவதா வேண்டாமா என்பதையே மறுபடி பேச வேண்டும். ஆகவே டிக்கெட் போட்ட பிறகு இல்லை, போடுவதற்கு முன்பே டாக்டர். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். விசாவுக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. பலா இங்கிருந்து போன மாதிரி, முந்திரி அங்கிருந்து வந்தது. வடநாட்டார் காஜு என்கிறார்களே, அந்தச் சொல்லே அங்கத்திய துப்பி மொழியிலிருந்து வந்ததுதான். ஜூனில் உங்களுக்கு முந்திரிப்பழம் கிடைக்காது, அங்கே அறுவடை செப்டம்பருக்கு மேல்தான். ஆனால் பழக்கூழை உறைய வைத்து வருடம் முழுக்க ஜூஸ் போடுகிறார்கள். நாம் கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே அழுக விடுகிறோம். அங்கே பழத்துக்குத்தான் மவுசு. 'சூக்கோ ஜி கஜூ' என்று கேளுங்கள். சர்க்கரை நோய் உண்டென்றால் கூடவே 'செய்ம் அசூக்கார்' என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு ஸ்பூன் போட்டுத்தான் கொடுப்பார்கள்.